நூற்றெட்டு பி.சி.டி. இருக்கா அண்ணே?

சென்னை ஜி.பி. ரோட்டில் அலாய் வீல் விற்கும் கடைக்கு மாருதி ஸ்விஃப்ட்காரர் போனால் ராஜ உபசாரம்தான். சுவரில் வரிசையாகத் தொங்கும் டிசைன்களில் எதைக் காட்டினாலும் அவர் வண்டிக்கு ஏறும். ஹூண்டாய் ஐ20 வைத்திருப்பவருக்கும் ஹோண்டா சிட்டி வைத்திருப்பவருக்கும் ஏறக்குறைய அதே மரியாதை. ஃபோர்டு ஃபிகோவோ ஈகோஸ்போர்ட்டோ ஓட்டுகிறவர் போய் நின்றால் கடைக்காரரின் குரல் இறங்கிவிடும். "நூற்றெட்டா சார்? குடோன்ல பார்க்கணுமே."

இத்தனைக்கும் இந்த வண்டிகள் சென்னைக்கு அந்நியம் இல்லை. 1999இல் வந்த ஐகான், 2010இல் வந்த முதல் தலைமுறை ஃபிகோ, 2013இல் வந்த ஈகோஸ்போர்ட் மூன்றும் சென்னையை அடுத்த மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் பிறந்தவை. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. மறுவருடம் சென்னை ஆலையில் கார் உற்பத்தி நின்றது. வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. புது வண்டி வராத மாடலுக்கு யார் புது டிசைனில் வீல் வார்ப்பார்கள்? இருக்கிற தட்டுப்பாடு அதனால் இன்னும் கூடுகிறது.

பி.சி.டி. என்பது நட்டுகள் உட்காரும் துளைகளின் மையங்களைத் தொட்டுச் செல்லும் கற்பனை வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்ட்டுக்கு 4×100, அதாவது நான்கு துளைகள், 100 மில்லிமீட்டர் வட்டம். ஃபோர்டின் சிறிய கார்களுக்கு 4×108. அளப்பது எளிது. நான்கு துளை வீலில் ஒரு துளையின் வெளி விளிம்பிலிருந்து எதிர்த் துளையின் உள் விளிம்பு வரை அளந்தால் மையத்துக்கு மையம் தூரம் வந்துவிடும். ஐந்து துளை என்றால் எதிரெதிரே துளை இருக்காது. பக்கத்துத் துளைக்கு அதே மாதிரி அளந்து 1.701ஆல் பெருக்க வேண்டும். 67.2 மி.மீ. வந்தால் வட்டம் 114.3.

ஏன் 114.3? அது நாலரை அங்குலம். வில்லிஸ் ஜீப்பிலும் மாருதி ஜிப்ஸியிலும் இருக்கும் 139.7 ஐந்தரை அங்குலம். ஃபோர்டின் 108கூட நாலேகால் அங்குலம்தான். சரியாகச் சொன்னால் 107.95. மில்லிமீட்டரில் யோசித்த ஜெர்மானியர்கள் 100, 112, 120 என்று போனார்கள். இத்தாலியின் ஃபியட் 98ஐப் பிடித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் விடவில்லை. இந்தியாவில் ஓடிய உனோவுக்கும் பாலியோவுக்கும் அந்த 98தான். பிரேக் டிரம்மின் அளவு, ஹப்பின் அளவு, அச்சின் மேல் வரும் எடை ஆகியவை வட்டத்தின் அளவைக் கொஞ்சம் தீர்மானிக்கின்றன. 98க்கும் 100க்கும் நடுவே பொறியியல் காரணம் தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஒருமுறை அச்சு செய்துவிட்டால் அடுத்த மாடலுக்கும் அதே அச்சு, அவ்வளவுதான். உலகத்துக்கெல்லாம் ஒரே அளவு என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஸ்விஃப்ட் வீலை ஃபிகோ ஹப்பில் வைத்துப் பார்த்தால் ஏறவே ஏறாது. வட்டத்தில் 8 மி.மீ. வித்தியாசம் என்றால் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஸ்டட்டும் 4 மி.மீ. தள்ளி நிற்கும். 12 மி.மீ. ஸ்டட்டுக்கு வீலில் விட்டிருக்கும் துளையில் சுற்றிலும் ஒன்று, ஒன்றரை மி.மீ. இடைவெளிதான் இருக்கும். ஏறாமல் போவது நல்லதுதான். பயப்பட வேண்டியவை ஏறிவிடுகிற ஜோடிகள். 98 ஹப்பில் 100 வீல், பழைய பிரிட்டிஷ் மினியின் 101.6 ஹப்பில் 100 வீல், 112 ஹப்பில் 114.3 வீல், பி.எம்.டபிள்யூ.வின் 120க்கும் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸின் 120.65க்கும் நடக்கும் மாற்று. வித்தியாசம் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் கீழேயோ. ஏர் கன் வைத்து நாலு தட்டு தட்டினால் நட்டு "உட்கார்ந்துவிடும்". மெக்கானிக்கும் கை துடைத்துக்கொள்வார். உண்மையில் அது உட்காரவில்லை. அதைப் புரிந்துகொள்ள, வீலை எது தாங்குகிறது என்பதற்குப் போக வேண்டும்.

காரின் எடை அந்த நான்கு ஸ்டட்டுகளின் மேல் தொங்குகிறது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சுவரில் அடித்த ஆணியில் பை மாட்டியது போன்ற ஏற்பாடு அங்கே இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்ட ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் வீலை ஹப்பின் முகத்தோடு சேர்த்து அழுத்துகிறது. கட்டட வேலையில் நாலைந்து செங்கல்லை வரிசையாகச் சேர்த்து, இரண்டு முனையிலும் உள்ளங்கையால் அமுக்கி ஒரே தூக்காகத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். நடுக்கல்லைக் கீழிருந்து யாரும் தாங்குவதில்லை. அமுக்கமும் உராய்வும் தாங்குகின்றன. வீலும் ஹப்பும் அப்படித்தான்.

கணக்குப் போட்டால் இந்த அமுக்கம் எவ்வளவு பெரிது என்று தெரியும். 12 மி.மீ. ஸ்டட்டை 100 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கினால் உண்டாகும் இழுப்பு சுமார் 4 டன். நான்குக்கும் சேர்த்து 16 டன்னுக்கு மேல். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் இடையே உராய்வு எண்ணைக் கஞ்சத்தனமாக 0.15 என்று வைத்தாலும், வீல் ஹப்பின் மேல் வழுக்குவதற்கு இரண்டரை டன் விசை வேண்டும். ஆட்களோடு ஒன்றரை டன் இருக்கிற ஃபிகோவில் ஒரு சக்கரத்தின் மேல் வரும் எடை 400 கிலோவைச் சுற்றி இருக்கும். பள்ளத்தில் விழுவதற்கும், வளைவில் எடை ஒருபக்கம் சாய்வதற்கும், அவசர பிரேக்குக்கும் மீதி கையிருப்பு. அமுக்கம் முழுதாக இருக்கும்வரை ஸ்டட் பக்கவாட்டில் வளையவே வளையாது. அதன் வேலை இழுத்துக்கொண்டிருப்பது மட்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்பானரில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் போகிறது. மீதியெல்லாம் நட்டின் முகத்திலும் மரையிலும் உராய்வாகக் கரைகிறது. நட்டு தன் இருக்கையில் கோணலாக அமர்ந்தால் உராய்வு கூடும், இழுப்பு குறையும். டார்க் ரெஞ்ச் "டக்" என்று சரியான அளவைக் காட்டும். உள்ளே அமுக்கம் பாதிகூட இருக்காது. மரையில் எண்ணெய் விட்டால் நேர்மாறு. அதே முறுக்கில் இழுப்பு எகிறி ஸ்டட் நிரந்தரமாக நீண்டுவிடும். "நல்லா இறங்கட்டும்" என்று எண்ணெய் விடும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

98 ஹப்பில் 100 வீலை மாட்டும்போது நடப்பது இதுதான். பெரும்பாலான அலாய்களில் நட்டின் இருக்கை 60 டிகிரி கூம்பு. கூம்பில் கூம்பு இறங்கும்போது வீல் தானாக மையத்துக்கு வரவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஒவ்வொரு துளையும் ஒரு மி.மீ. தள்ளி இருந்தால் கூம்பின் ஒரு பக்கம் மட்டும் மோதும், ஸ்டட்டுக்கும் நட்டுக்கும் பதிலாக ஃபியட்டில் வரும் போல்ட்டு வளைந்தபடி இறுகும். கழற்றிப் பார்த்தால் சாட்சி அங்கேயே இருக்கும். சரியாக அமர்ந்த இருக்கையில் நட்டு பட்ட இடம் முழு வளையமாகப் பளபளக்கும். கோணலாக அமர்ந்ததில் பளபளப்பு பிறை வடிவில் ஒரு ஓரத்தில் மட்டும், எதிர்ப்பக்கம் பெயின்ட்டு கலையாமல் இருக்கும். பழைய வீல் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் ஸ்போக்கின் கீறலைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த நான்கு இருக்கைகளைப் பார்க்க வேண்டும்.

வளைந்த போல்ட்டு உடனே உடையாது. அதுதான் தொல்லை. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் போல்ட்டுக்கு ஒரு வளைவு, ஒரு நிமிர்வு. 175/65 ஆர்14 டயரின் சுற்றளவு 1.83 மீட்டர். கிலோமீட்டருக்கு சுமார் 546 சுற்று. சென்னையிலிருந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் இரண்டரை லட்சம் தடவை. உலோகம் களைத்து விரிசல் விடுவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாட்டைச் சோதனைச்சாலையில்கூடச் செய்ய முடியாது.

ஃபியட்காரர்களுக்கு இதற்கென்றே ஒரு போல்ட்டு உண்டு. அதன் கூம்பு தனி வளையமாக, தண்டைச் சுற்றித் தளர்வாக இருக்கும். தண்டு 98இல் நேராக நிற்க, கூம்பு வளையம் ஒரு மி.மீ. நகர்ந்து 100இன் இருக்கையில் முழுதாக அமரும். வாபிள் போல்ட்டு என்று பெயர். தரமான தயாரிப்பாக இருந்து, வீலின் நடுத்துளைக்குள் நுழையும் ஹப்பின் மூக்கும் வீலை மையத்தில் பிடித்திருந்தால் இது ஏற்கத்தக்க வழி. நகர வேண்டிய தூரம் ஒரு மி.மீ.யை வெகுவாகத் தாண்டினால் இதற்கு வேலை இல்லை. 108க்கு இது உதவாது.

நடுத்துளை என்றேன். கடையில் பி.சி.டி. பொருந்திவிட்டால் பேச்சு முடிந்தது என்று நினைப்பவர்கள் கோட்டை விடும் இடம் அதுதான். ஃபோர்டின் ஹப் மூக்கு 63.4 மி.மீ. பெஷோ, சிட்ரோன் கார்களிலும் 4×108 உண்டு, அவற்றின் மூக்கு 65.1. பழைய ஆடி 80யும் 4×108தான், மூக்கு 57.1. மூன்றுக்கும் துளை வட்டம் ஒன்று, ஒன்றின் வீல் இன்னொன்றுக்கு நேராக ஏறாது. ஆடி வீல் ஃபோர்டில் நுழையாது. பெஷோ வீல் நுழைந்து லொடலொடக்கும். இடைவெளியை நிரப்ப வளையம் போடலாம் என்றால் அதன் சுவர் 0.85 மி.மீ. கனத்துக்குத்தான் இடமிருக்கிறது.

வெளிச்சந்தை அலாய்களில் நடுத்துளையைப் பெரும்பாலும் 73.1 என்று தாராளமாக விட்டுவிடுவார்கள். எல்லா வண்டிக்கும் விற்கலாம் அல்லவா? அதை 63.4க்குக் கொண்டுவர ஹப் ரிங் வேண்டும். பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் கிடைக்கிறது. அது எடையைத் தாங்குவதில்லை. நட்டை இறுக்கி முடிக்கும்வரை வீலை நடுவில் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. அது இல்லாமல் மாட்டிய வீல் அரை மி.மீ. ஒதுங்கி இறுகினால், நெடுஞ்சாலையில் 80, 90இல் போகும்போது ஸ்டீயரிங் நடுங்கும். மூன்று கடையில் பேலன்சிங் செய்தாலும் போகாது. பேலன்சிங் மெஷின் வீலை அதன் சொந்த மையத்தில் சுற்றுகிறது, வண்டி வேறு மையத்தில் சுற்றுகிறதே.

இனி பட்டறைகள் சொல்லும் வழிகளுக்கு வருவோம். முதலாவது, "ஓட்டையைக் கொஞ்சம் இழுத்து ஓவல் பண்ணிடலாம் சார்." 100 வீலின் துளையை வெளிப்பக்கமாக 4 மி.மீ. நீட்டுவது. துளை நீள்வட்டமானதும் கூம்பு இருக்கையில் பாதி போய்விடுகிறது. நட்டு மிச்சமிருக்கும் இரண்டு ஓரங்களில் தொற்றிக்கொண்டு நிற்கும். அமுக்கத்தைப் பற்றி மேலே சொன்ன எதுவும் இங்கே செல்லாது. இதைச் செய்து தருகிறவர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் வேண்டாம் என்று வந்துவிடுங்கள்.

இரண்டாவது, பழைய துளைகளை வெல்டிங் வைத்து அடைத்துப் புதிதாகத் துளைப்பது. பார்வைக்கு இது சுத்தமாக இருக்கும், அதனால் முன்னதைவிட ஆபத்து. அலாய் வீல்கள் பெரும்பாலும் ஏ356 என்ற வார்ப்பு அலுமினியம். சுமார் 7 சதவீதம் சிலிக்கான், கொஞ்சம் மக்னீசியம். வார்த்தபின் 540 டிகிரி அளவில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 150 டிகிரியைத் தாண்டிய மிதமான சூட்டில் சில மணி நேரம் வைத்து எடுக்கிறார்கள். அந்தப் பக்குவத்தில்தான் வலு வருகிறது. வெல்டிங் சூட்டில் துளையைச் சுற்றியுள்ள பகுதி உருகியும் வெந்தும் அந்தப் பக்குவத்தை இழக்கிறது. வீலில் மிக அதிகமாக உழைக்கும் இடம் அதுதான்.

மூன்றாவது வழியில் விஷயம் இருக்கிறது. பழைய நான்கு துளைகளைத் தொடாமல், அவற்றுக்கு நடுவே 45 டிகிரி திருப்பி 108இல் புதிதாக நான்கு துளை போடுவது. சந்தையில் வரும் எட்டு ஓட்டை அலாய்கள் இந்த யோசனைதான். 4×100, 4×108 இரண்டுக்கும் வார்ப்பிலேயே இடம் விட்டு வருபவை. நூற்றெட்டுக்காரர்கள் முதலில் தேட வேண்டியது அவற்றை. நான்கு ஓட்டை வீலில் புதிதாகப் போடுவது என்றால் வீலைக் கவிழ்த்துப் பின்பக்கம் பாருங்கள். எடை குறைப்பதற்காகத் துளைகளுக்கு நடுவே குழி விட்டு வார்த்திருப்பார்கள். குழி இருந்தால் அங்கே துளைக்க உலோகமே இல்லை. குழியில்லாத கெட்டியான முகமாக இருந்து, சி.என்.சி. மெஷினில் மையம் பிடித்து, கூம்பு இருக்கையையும் அதே அமைப்பில் கடைந்தால் ஒப்புக்கொள்ளலாம். கை டிரில்லைக் கொண்டுவந்தால் எழுந்துவிடலாம்.

நான்காவது அடாப்டர். ஹப்பில் ஒரு தடித்த அலுமினியத் தட்டை மாட்டி, அந்தத் தட்டில் இருக்கும் வேறு ஸ்டட்டுகளில் வீலை மாட்டுவது. ஹப்பின் நட்டுகள் தட்டுக்குள் முழுதாக அமிழ வேண்டியிருப்பதால் 20 மி.மீ. கனத்துக்குக் குறைந்து நல்ல அடாப்டர் கிடைப்பது அரிது. அந்த 20 மி.மீ. சக்கரத்தை அப்படியே வெளியே தள்ளுகிறது. ஒரு இணைப்பு இருந்த இடத்தில் இரண்டு இணைப்பு, அதில் உள்ளே இருப்பதை வீலைக் கழற்றாமல் சோதிக்க முடியாது. 108இலிருந்து 100க்குப் போகும் அடாப்டரை நம் ஊர்ச் சாலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சக்கரம் வெளியே வருவதில் என்ன நஷ்டம்? வீலின் முதுகில் இ.டி. 45, இ.டி. 35 என்று ஒரு எண் இருக்கும். வீலின் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் படும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறது என்பது அது. எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். இ.டி. 47 கொண்ட 6 அங்குல அகல வீலை எடுத்துவிட்டு இ.டி. 35 கொண்ட 7 அங்குல வீலை மாட்டினால், அகலத்தால் 12.7, இ.டி.யால் 12, ஆகமொத்தம் வெளி விளிம்பு ஏறக்குறைய ஓர் அங்குலம் வெளியே போகிறது. பார்க்கக் கம்பீரம். முழு லோடில் பள்ளத்தில் இறங்கினால் ஃபென்டர் டயரை அறுக்கும். ஹப் பேரிங்கின் மேல் நெம்புகோல் நீள்கிறது, பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுக்கவும் செய்யலாம். கம்பெனி எண்ணிலிருந்து ஐந்தாறு மி.மீ.க்கு மேல் விலகாமல் இருப்பது உத்தமம்.

நட்டுகளையும் பார்த்தாக வேண்டும். ஃபோர்டுக்கு மரை 12×1.5, சுஸுகிக்கு 12×1.25. மாற்றிப் போட்டால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று இறங்கிச் சிக்கும். அங்கே ஏர் கன் வைத்தால் ஸ்டட்டின் மரை போச்சு. அதனால் முதல் சில சுற்று கையாலேயே இறங்க வேண்டும். ஹோண்டா கம்பெனி நட்டுகளின் முகம் கூம்பாக இல்லாமல் உருண்டை வடிவம். அவற்றைக் கூம்பு இருக்கையில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில்தான் படும். அலாயின் கனம் கூடுதல் என்பதால் ஸ்டட் போதுமான நீளம் வெளியே வருகிறதா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1.5 மரையில் நட்டு இறுகுவதற்குமுன் எட்டு முழுச் சுற்றாவது இறங்கினால் 12 மி.மீ. மரை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஐந்து சுற்றில் நின்றுவிட்டால் அந்த வீல் உங்களுக்கு இல்லை.

வீலின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையோ ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல். குறியோ இருக்கிறதா, தாங்கும் எடை கிலோவில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பொறித்த எடை, காரின் அதிக எடை தாங்கும் அச்சின் அளவில் பாதியைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். எதுவுமே பொறிக்காத ரெப்ளிகா வீல் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். மாட்டியபின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். கம்பெனியில் வராத துணைப்பொருளைப் பாலிசியில் சேர்க்காவிட்டால் திருட்டுக்கும் சேதத்துக்கும் பணம் கேட்க முடியாது.

ஃபோர்டுக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் எளிய வழி ஃபோர்டு குடும்பத்துக்குள்ளேயே தேடுவது. ஃபியஸ்டா, ஃபிகோ, ஆஸ்பயர், ஈகோஸ்போர்ட் ஆகியவற்றின் கம்பெனி அலாய்களில் துளை வட்டம், நடுத்துளை, நட்டு மூன்றும் பொருந்தும். இ.டி.யையும் டயர் அளவையும் மட்டும் ஒப்பிட்டால் போதும். டிசைன் பழசாக இருக்கலாம். பெயின்ட்டு அடித்துக்கொள்ளலாம், ஆனால் ஹப்பில் படும் முகத்திலும் நட்டு இருக்கையிலும் பெயின்ட்டு படவே கூடாது. அழுத்தத்தில் பெயின்ட்டு நசுங்கி மெலிய, ஸ்டட்டின் இழுப்பு அதே அளவுக்குத் தளரும்.

மாட்டும் நாளில் ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கச் சொல்லுங்கள். வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே நட்டுகளை எதிரெதிராக மெல்ல இறுக்கி, கீழே இறக்கியபின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடிக்க வேண்டும். புது வீலின் இருக்கைகள் ஓட்டத்தில் கொஞ்சம் அமுங்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நான்கு சக்கரத்தையும் அதே அளவுக்கு மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். ஸ்டெப்னி பழைய ஸ்டீல் டிஸ்க்காகவே இருந்தால் அதற்குரிய நான்கு நட்டுகளையும் ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு வைத்துவிடுங்கள்.